தீவு விடுமுறை: கடலைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்

ஸ்கூபா (காற்று உருளையோடு கடலுக்கடியில் நீந்துவது, டைவ் என்றும் சொல்வோம்) பயிற்றுநராகவும், சில காலம் கடற்கரை உயிர்காப்பாளராகவும் வேலை பார்த்தவள் நான். எந்த ஹோட்டலில் அறை வசதி, எங்கே சாப்பாடு ருசி என்பதெல்லாம் என் கணக்கில் வராது. கடல், காற்று, கருவிகள் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, எந்த மாதம் போவது என்றே முடிவு செய்ய முடியவில்லை. ஒருவர் 'அருமையான பருவம்' என்கிறார், அதே மாதத்தை இன்னொருவர் 'போய்விடாதீர்கள், மழை' என்கிறார். யாரை நம்புவது?

இருவரையும் நம்பலாம். அவர்கள் தீவின் வேறு வேறு பக்கங்களில் தங்கியிருப்பார்கள். தீவு என்றால் காற்று வந்து அறையும் முகம் ஒன்று, காற்றுக்கு ஒதுங்கிய முகம் ஒன்று. பருவம் மாறும்போது இவை இடம் மாறிக்கொள்ளும். இலங்கையின் தென்மேற்குக் கரை டிசம்பர் முதல் மார்ச் வரை அமைதியாக இருக்கும். திருகோணமலையும் அறுகம் குடாவும் இருக்கும் கிழக்குக் கரைக்கு மே முதல் செப்டம்பர் வரைதான் காலம். தாய்லாந்திலும் இதே கதை: புக்கெட் தீவின் மேற்குக் கரையில் மே முதல் அக்டோபர் வரை அலை மூர்க்கமாக இருக்கும், வளைகுடாப் பக்கம் உள்ள சாமுய் தீவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை கொட்டும்.

ஆகவே 'எந்த மாதம்' என்று கேட்பதோடு 'அந்த மாதத்தில் எந்தப் பக்கம்' என்றும் கேளுங்கள். தங்குமிடத்தைப் பதிவு செய்யும் முன்பு வரைபடத்தில் அந்தக் கடற்கரை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

மழைக்காலம் என்றாலே வீண் என்றும் நினைக்காதீர்கள். மாலத்தீவின் பா பவளத்தீவுக் கூட்டத்தில் ஹனிஃபாரு என்றொரு விரிகுடா உண்டு. மாண்டா திருக்கைகள் அங்கே கூட்டமாக இரை தேடி வருவது தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில்தான். வெயில் காயும் பிப்ரவரியில் போனால் நீலக் கடலைப் பார்க்கலாம், மாண்டாக் கூட்டத்தைப் பார்ப்பது அரிது. அங்கே ஸ்கூபாவுக்கு அனுமதி இல்லை, ஸ்நார்கெலிங் (மேற்பரப்பில் மிதந்தபடி குழல் வழியே மூச்சு விட்டுக் கடலுக்குள் பார்ப்பது) மட்டும்தான்.

எனக்கு நீச்சல் தெரியாது. தெரியாதவர்களும் ஸ்கூபா செய்யலாம் என்கிறார்கள். உண்மையா, இல்லை ஆள் பிடிக்கும் பேச்சா?

உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. பயிற்றுநர் கூடவே வரும் அறிமுக டைவுக்கு நீச்சல் தெரியவேண்டும் என்று பல இடங்களில் கேட்பதில்லை. ஆழம் 12 மீட்டரைத் தாண்டாது. சான்றிதழ்ப் படிப்பு என்றால் நீந்தியும் மிதந்தும் காட்டியே ஆகவேண்டும்.

நீச்சல் தெரியாதவர்களுக்கு வரும் இடைஞ்சல் பெரும்பாலும் தண்ணீருக்குள் அல்ல, மேற்பரப்பில். முகத்தில் ஒரு சின்ன அலை அடித்ததும், கண்ணையும் மூக்கையும் மூடும் கவசத்தைப் பிடுங்கி எறியப் பார்ப்பார்கள். அதனால் முதல் முயற்சியை இடுப்பளவு தண்ணீரில் செய்யச் சொல்லுங்கள். மண்டியிட்டு, முகத்தை மட்டும் அமிழ்த்தி, மூச்சுக் கருவி வழியே வாயால் மூச்சு விட்டுப் பழகுங்கள். பத்து நிமிடத்தில் உடம்பின் இறுக்கம் தளர்ந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். தளரவில்லை என்றால் அன்றைக்கு வேண்டாம். உங்கள் ஒருவருக்கே ஒரு பயிற்றுநர் வேண்டும் என்று கேட்டுப் பெறுங்கள். நான்கு பேரை ஒருவர் இழுத்துக்கொண்டு போகும் இடத்தில் நீச்சல் தெரியாதவருக்கு வேலை இல்லை.

இரண்டு விதிகளை மனப்பாடம் செய்யுங்கள். ஒன்று, மூச்சை ஒருபோதும் அடக்கக்கூடாது. கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல் இரு மடங்கு. அங்கே இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது நுரையீரலுக்குள் இரு மடங்காக விரியப் பார்க்கும். இரண்டு, காது வலிக்கும் முன்பே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிச் சமன் செய்ய வேண்டும். வலி வந்த பிறகு ஊதினால் காது திறக்காது. கொஞ்சம் மேலேறித்தான் சரிசெய்ய வேண்டும். சளி பிடித்திருந்தால் டைவ் கிடையாது.

டைவ் நிலையத்தில் தந்த மருத்துவப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று போடச் சொன்னார்கள். போடலாமா?

அப்படிச் சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஆஸ்துமா, இதய நோய், காது அறுவை சிகிச்சை, வலிப்பு இருந்தால் மருத்துவர் ஒப்புக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகள் டைவ் செய்யக்கூடாது, பேச்சே இல்லை.

கடைசி நாள் காலையில் டைவ், மாலையில் விமானம். நேரம் சரியாக வருமா?

வராது. ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் அல்லது தொடர்ந்து பல நாட்கள் என்றால் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும். உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் மெல்ல வெளியேற அவ்வளவு நேரம் வேண்டும். விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு. அவசரப்பட்டால் நைட்ரஜன் குமிழிகளாகி மூட்டிலும் நரம்பிலும் வேலையைக் காட்டும்.

மலைக்கும் இதே விதி. ஹவாயின் மாவி தீவில் காலையில் டைவ் முடித்துவிட்டு, அன்று சூரிய மறைவைப் பார்க்க ஹலேயாகலா சிகரத்துக்குக் காரில் கிளம்புகிறவர்கள் உண்டு. அது 3,000 மீட்டருக்கும் மேலே. டைவை முதல் நாட்களில் முடித்துக்கொண்டு மலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்நார்கெலிங் கவசத்துக்குள் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. முழு முகத்தையும் மூடும் புதுவகைக் கவசம் வாங்கலாமா?

வாடகைக்கு எடுக்கும்போதே சோதித்துவிடுங்கள். பட்டையை மாட்டாமல் கவசத்தை முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்த பிறகும் முகத்தோடு ஒட்டி நின்றால் அது உங்கள் அளவு. விழுந்தால் அடுத்ததை எடுங்கள். நெற்றி முடி ஒன்று விளிம்பில் சிக்கினாலும் நீர் கசியும். மீசைக்காரர்களுக்கு மேலுதட்டில் கொஞ்சம் வாசலின் தடவினால் பெரும்பாலும் நின்றுவிடும். பட்டையை இறுக்க இறுக்கக் கசிவு குறையும் என்பது தப்புக் கணக்கு. விளிம்பு கோணிக்கொண்டு இன்னும் கசியும்.

முழுமுகக் கவசம் எனக்குப் பிடிப்பதில்லை. தண்ணீர் புகுந்தால் குழலை ஊதி வெளியேற்றுவதைப்போல் அதில் முடியாது, அவசரத்தில் கழற்றுவதும் எளிதல்ல. மலிவான ரகங்களில் வெளிவிட்ட மூச்சே திரும்ப உள்ளே வரும். தலை சுற்றினால் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

ஆள் நடமாட்டமே இல்லாத கடற்கரையாகச் சொல்லுங்கள். புதிதாகத் திருமணம் ஆனவர்கள் நாங்கள்.

வாழ்த்துகள். ஆனால் ஆள் இல்லாத கடற்கரையில் உயிர்காப்பாளரும் இல்லை. அங்கே உட்காருங்கள், நடங்கள், படம் எடுங்கள். குளிப்பதற்குச் சிவப்பு-மஞ்சள் கொடி நட்ட கடற்கரைக்கு வாருங்கள். அந்த இரு கொடிகளுக்கு நடுவில்தான் காவல் இருக்கிறது. முழுச் சிவப்புக் கொடி, ஒற்றையோ இரட்டையோ, பறந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள்.

இரண்டாவது, இழுப்பு நீரோட்டத்தைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். இறங்குவதற்கு முன் உயரமான இடத்தில் நின்று பத்து நிமிடம் கடலையே பாருங்கள். அலைகள் வரிசையாக வெண்ணுரையுடன் உடையும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் அலை உடையாது. நிறம் கொஞ்சம் கருத்தும், மேற்பரப்பு சிலிர்த்தாற்போலவும் இருக்கும். நுரையும் பாசியும் அந்த வழியே கடலை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். அலையில்லாத இடம் என்று குழந்தையைக் கூட்டிக்கொண்டு இறங்குவது அங்கேதான். கரையில் குவிந்த நீரெல்லாம் திரும்பிப் போகும் வாய்க்கால் அது.

மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நேராக நீந்தாதீர்கள். நீச்சல் வீரர்களே அதில் களைத்துப் போவார்கள். அது உங்களைக் கீழே இழுப்பதில்லை, வெளியே கொண்டுபோகும், அவ்வளவுதான். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேளுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் பகுதிக்கு வந்து அங்கிருந்து கரையேறுங்கள்.

இன்னொன்று: புகழ்பெற்ற கடற்கரைகளில் புதிய விதிகள் வந்துவிட்டன. தாய்லாந்தின் மாயா விரிகுடாவைப் பவளப்பாறை சிதைந்துபோனதால் 2018இல் மூடினார்கள். 2022 ஜனவரியில் திறந்தபோது நீந்தத் தடை போட்டே திறந்தார்கள். நீச்சலுடையோடு போய் ஏமாந்து திரும்பாதீர்கள்.

கயாக் ஓட்டுவது சுலபம்தானே? ரிசார்ட்டில் இலவசமாகத் தருகிறார்கள்.

சுலபம்தான், அதனால்தான் எனக்குப் பயம். காற்றுக்கு ஒதுங்கிய பக்கம் நல்லது என்று முதல் பதிலில் சொன்னேன். அந்தப் பக்கத்திலேயே ஒரு பொறி உண்டு. அங்கே காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரம் மரங்களின் மறைவில் தண்ணீர் அசையாமல் கிடக்கும். இருநூறு மீட்டர் தள்ளிப் போனதும் காற்றின் முழு வேகமும் முதுகில் விழும். துடுப்புப் போடாமலே படகு ஓடும், உல்லாசமாக இருக்கும். திரும்பும்போதுதான் தெரியும்.

போகும் முன் தென்னங்கீற்றுகளைப் பாருங்கள். அவை கடலைப் பார்த்துச் சாய்ந்து படபடத்தால் கரையை ஒட்டியே ஓட்டுங்கள். எப்போதும் முதலில் காற்றை எதிர்த்துப் போய், வரும்போது காற்றோடு வாருங்கள். லைஃப் ஜாக்கெட்டைப் படகில் போட்டு வைக்காமல் உடம்பில் மாட்டுங்கள். தப்பித் தவறிக் காற்று இழுத்துக்கொண்டு போனால் படகை விட்டு நீந்தாதீர்கள். தேடுகிறவர்களுக்கு உங்கள் தலையைவிடப் படகு எளிதில் தெரியும். காற்றடைத்த அன்னப்பறவை, ஃபிளமிங்கோ மிதவைகளைக் கடலில் இறக்கவே வேண்டாம், அவை நீச்சல் குளத்துக்கு.

பாராசெய்லிங், ஜெட் ஸ்கி?

படகு இழுக்கப் பாராசூட்டில் பறக்கும் பாராசெய்லிங்கில் உங்கள் கையில் ஒன்றுமே இல்லை, எல்லாம் படகோட்டி கையில். தூரத்தில் மழை மேகம் கறுத்திருந்தும் 'ஒன்றும் ஆகாது, வாருங்கள்' என்பவரிடம் ஏறாதீர்கள். கயிறு நைந்திருக்கிறதா என்று பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். ஜெட் ஸ்கியை எடுக்கும் முன் எல்லாப் பக்கமும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கீறலுக்குப் புது வாடிக்கையாளரிடம் பணம் கறப்பது பல நாட்டுக் கடற்கரைகளில் நடக்கும் வேலை. பயணக் காப்பீட்டில் இவை விலக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் படித்துப் பாருங்கள்.

ஜெல்லிமீன் கொட்டினால் சிறுநீர் ஊற்ற வேண்டுமாமே?

வேண்டாம். மணலால் தேய்க்கவும் வேண்டாம், நல்ல தண்ணீரும் ஊற்ற வேண்டாம். தோலில் ஒட்டியிருக்கும், இன்னும் வெடிக்காத கொட்டும் செல்களை இவை தூண்டிவிடும். பாக்ஸ் ஜெல்லிமீன் என்றால் வினிகரைத் தாராளமாக ஊற்றி, பிறகு இழைகளை எடுக்க வேண்டும். நீலப் பை போல மிதக்கும் புளூபாட்டில் என்றால் ஆஸ்திரேலியாவில் வினிகரைப் பரிந்துரைப்பதில்லை; கடல்நீரால் கழுவி, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர் ஊற்றச் சொல்கிறார்கள். எது கொட்டியது என்று உயிர்காப்பாளருக்குத் தெரியும், அவரிடம் ஓடுங்கள். மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ நேரே மருத்துவமனை.

திருக்கைக்கு வைத்தியத்தைவிட நடை முக்கியம். ஆழமில்லாத மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் அது தானே விலகிவிடும்.

பையன் சிப்பி பொறுக்குவான். தடுக்க வேண்டுமா?

கூம்பு வடிவில், அழகான கோலம் போட்டாற்போல் இருக்கும் சங்குகளைத் தொடவிடாதீர்கள். உள்ளே நத்தை உயிரோடு இருந்தால் கொட்டும். சில வகைகளின் நஞ்சு ஆளைக் கொல்லும். பவளத் துண்டை ஊருக்குக் கொண்டுபோவது பல நாடுகளில் குற்றம், விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

சன்ஸ்கிரீன் பவளப்பாறைக்குக் கெடுதல் என்கிறார்களே, அப்போது வெயிலுக்கு என்ன செய்வது?

ஆக்ஸிபென்ஸோன், ஆக்டினாக்ஸேட் கலந்த சன்ஸ்கிரீன்களின் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடை செய்திருக்கிறது. பசிபிக் தீவு நாடான பலாவு 2020இலேயே தடை விதித்தது. துத்தநாக ஆக்ஸைடு உள்ளதைப் பாருங்கள். அதைவிட நல்லது முழுக்கை நீச்சல் சட்டை. ஸ்நார்கெலிங் முடித்து வந்தவர்களைக் கவனித்தால், முழங்காலின் பின்பக்கமும் பின்கழுத்தும்தான் வெந்து சிவந்திருக்கும்; அங்கே களிம்பு தடவ யாருக்கும் நினைவு வருவதில்லை.

ஆனால் சட்டை, களிம்பு எல்லாம் சரியாக இருந்தும் பாறை மேல் ஏறி நின்று கவசத்தைச் சரிசெய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அது கல் அல்ல, உயிருள்ள விலங்குகளின் கூட்டம். சில வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் கூட வளர்வதில்லை.

இரவில் கடல் நீலமாக மின்னுமாமே, எங்கே பார்க்கலாம்?

புவேர்ட்டோ ரிக்கோவின் வியேகெஸ் தீவில் உள்ள மஸ்கீட்டோ விரிகுடா பெயர் பெற்றது. அங்கே நீந்தத் தடை, கயாக்கில் போகலாம். ஒளிர்வது ஒற்றைச் செல் உயிரிகள். தண்ணீரைக் கலக்கினால் மின்னும். அமாவாசையை ஒட்டிப் போங்கள். பௌர்ணமிக்குப் பயணம் வைத்துவிட்டு ஒன்றும் தெரியவில்லை என்றால் கடல் என்ன செய்யும்? நீண்ட நேரம் ஒளி வாங்கி எடுத்த படங்களில் தெரியும் அளவுக்குக் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி வேறு. அவரைக் கரையில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் மட்டும் போக மனம் வரவில்லை.

உட்கார வைக்காதீர்கள். பாறைத்திட்டுக்கு உட்பக்கம் இருக்கும் அமைதியான நீர்ப்பரப்பில் (லகூன்) லைஃப் ஜாக்கெட்டோடு மிதக்க முழங்கால் தேவையில்லை. தண்ணீரில் எடை குறைவதால் வலியும் குறையும். கடல்நீர் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்த்து, நீர் ஏறியிருக்கும் நேரத்தில் கூட்டிப் போங்கள். வற்றிய நேரத்தில் பாறை வயிற்றை உரசும். அடுத்த நாள் அதே ஏற்றம் சுமார் 50 நிமிடம் தாமதமாக வரும், அதற்கேற்பத் திட்டமிடுங்கள். படகிலிருந்து இறங்குவதைவிடக் கரையிலிருந்தே நடந்து இறங்கும் இடம் அவருக்கு நல்லது. ஏணியில் திரும்ப ஏறுவதுதான் கடினம். இதய நோய், இரத்த அழுத்தம் இருந்தால் முன்கூட்டியே மருத்துவரைக் கேளுங்கள். சரி என்றால் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு கூடவே மிதங்கள், அவரை முந்திக்கொண்டு நீந்தாதீர்கள்.

முன்பணம் கட்டிவிட்டோம். அன்று கடல் சரியில்லை என்று ரத்து செய்தால் பணம் போய்விடுமா?

கட்டும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: வானிலையால் ரத்தானால் பணம் திரும்ப வருமா, வேறு நாள் தருவார்களா என்று. ரத்து செய்கிறவர்மேல் கோபப்படாதீர்கள். மறுநாள் அவரிடமே போங்கள். மிகவும் ஆசைப்படும் ஒன்றைப் போய் இறங்கிய மறுநாளே வைத்துக்கொண்டால், தள்ளிப்போனாலும் கையில் நாள் மிச்சம் இருக்கும். படகுகளைக் காலையில் பிடியுங்கள், பல தீவுகளில் மதியத்துக்கு மேல் காற்று ஏறும். குமட்டல் வரும் என்றால் மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள், குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் அது வயிற்றில் தங்காது.