பதின்வயதினருக்கு மர்ம நாவல் எழுதிப் பிழைக்க முடியுமா? கேள்விகளும் பதில்களும்

பதின்வயதினருக்கான மர்ம நாவல்களைப் பல வருடங்களாகப் படித்துத் திருத்தி அச்சுக்கு அனுப்பும் பதிப்பாசிரியர் நான். இந்தத் துறையில் எழுத வருகிறவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மேடம், பெரியவர்களுக்கு எழுதிய துப்பறியும் கதை ஒன்று கைவசம் இருக்கிறது. நாயகனின் வயதைப் பதினாறாக மாற்றினால் போதுமா?

போதாது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு யாரையும் விசாரிக்கும் அதிகாரம் இல்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கை கைக்கு வராது. இருட்டிய பிறகு வெளியே போவதென்றால் வீட்டில் காரணம் சொல்ல வேண்டும். இந்தத் தடைகளை எடுத்துவிட்டால் கதையில் விறுவிறுப்பு எங்கிருந்து வரும்? அந்தப் பிள்ளைக்கு வேறு பலம் உண்டு. பக்கத்தில் நிற்பதைக் கவனிக்காமல் பெரியவர்கள் பேசிவிடுவார்கள். வகுப்பில் யார் யாரோடு பேச்சை நிறுத்தினார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரியும் முன்பே அதற்குத் தெரிந்துவிடும். அதை வைத்துக் கதையை மறுபடி முதலிலிருந்து கட்டுங்கள்.

இன்னொன்று. என்னிடம் வரும் கையெழுத்துப் பிரதிகளில் நிறைய, கடைசி அத்தியாயத்தில் போலீஸ் மாமா ஒருவர் வந்து எல்லாவற்றையும் விளக்குவதோடு முடிகின்றன. அவற்றை நான் எடுப்பதில்லை. கைது செய்யப் போலீஸ் வரட்டும், முடிச்சை அந்தப் பிள்ளைதான் அவிழ்க்க வேண்டும்.

கேள்வி: துப்பை எங்கே ஒளித்தாலும் என் தம்பி கண்டுபிடித்துவிடுகிறான். என்ன செய்ய?

நல்ல வாசகர், விடாதீர்கள்! துப்பைத் தனியாக ஒரு பத்தியில் வைத்தால் யாருக்கும் தெரிந்துவிடும். சாதாரணப் பொருள்களின் நடுவே வையுங்கள். "மேசையில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில், ஈரக் குடை, நேற்றைய வினாத்தாள் கிடந்தன." அடுத்த வரியிலேயே இரண்டு நண்பர்களுக்குள் சண்டை வெடிக்கட்டும். வாசகர் மனம் சண்டைக்குப் போய்விடும். நாற்பது பக்கம் கழித்து அந்த மேசைக்காரன், "அன்று நான் அறையை விட்டு வெளியே போகவே இல்லை" என்கிறான். அப்படியானால் குடை எப்படி நனைந்தது? திரும்பப் புரட்டினால் அது அங்கேயே இருக்க வேண்டும். இந்த வயது வாசகர்கள் புரட்டிப் பார்ப்பவர்கள். இல்லாத துப்பைக் கடைசியில் கொண்டுவந்தால் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்கள், அடுத்த புத்தகத்தைத் தொட மாட்டார்கள்.

கேள்வி: செல்பேசி வந்த பிறகு மர்மமே எழுத முடியவில்லையே?

சார்ஜ் தீர்ந்தது, சிக்னல் இல்லை என்பதை ஒரு நாவலில் ஒரு முறை மன்னிப்பேன். செல்பேசியை எதிரியாகப் பார்க்காதீர்கள். அழிக்கப்பட்ட செய்தி, வெட்டி அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், குழுவிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறிய ஒருத்தி, எல்லாமே துப்புதான். அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் டங்கனின் பழைய நாவல்கள் 2010இல் மறுபதிப்பானபோது அவரே செல்பேசியைச் சேர்த்துத் திருத்திக் கொடுத்தார்.

கேள்வி: கொலை காட்டலாமா?

காட்டலாம். ரத்தத்தை விவரிப்பதை விட, இறந்தவரின் இருக்கை மறுநாள் வகுப்பில் காலியாக இருப்பதை எழுதுங்கள். டங்கன் 1973இல் எழுதிய ஒரு நாவலில், சாலை விபத்தை மறைத்த நான்கு இளைஞர்களில் ஒருவரும் சாவதில்லை. 1997இல் அது வரிசையாகக் கொலை விழும் திரைப்படமானது. அவருக்கு அது பெரிய அதிர்ச்சி. பட உரிமையைக் கொடுத்த பிறகு கதை நம் கையில் இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஒரே தொகையாக வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். ராயல்டி கேட்கலாமா அக்கா?

தயங்காமல் கேளுங்கள். ராயல்டி என்பது விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் எழுதியவருக்கு வரும் பங்கு. மில்ட்ரெட் பென்சனைத் தெரிந்துகொள்ளுங்கள். 1930இல் தொடங்கிய, நான்சி ட்ரூ என்ற இளம்பெண் துப்பறியும் அமெரிக்கத் தொடரின் முதல் 30 புத்தகங்களில் 23ஐ எழுதியவர் அவர். அட்டையில் இருந்தது கரோலின் கீன் என்ற கற்பனைப் பெயர். ஆரம்பப் புத்தகங்களுக்கு அவருக்குக் கிடைத்தது தலா 125 டாலர், ராயல்டி இல்லை, அவற்றை எழுதியவர் தானே என்று வெளியே சொல்லவும் கூடாது. 1980இல் பதிப்பகங்களுக்கு இடையே நடந்த வழக்கில் அவர் சாட்சி சொன்னபோதுதான் அவர் பங்கு வெளியே பரவலாகத் தெரிந்தது. தலைமுறை தலைமுறையாக விற்ற புத்தகங்கள் அவை. எனக்கு இன்றும் அதை நினைத்தால் ஆறவில்லை.

தொடருக்கு எழுதித் தரும் வேலை என்றால் சில இடங்களில் ஒரே தொகைதான் கிடைக்கும். அதைத் தெரிந்தே ஏற்றால் சரி. பாத்திரங்களும் கதையும் உங்களுடையவை என்றால், மொழிபெயர்ப்பு, ஒலிப்புத்தகம், திரைப்படம் என ஒவ்வோர் உரிமையும் ஒப்பந்தத்தில் தனித்தனியே எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: இதை நம்பி வேலையை விடலாமா?

முதல் புத்தகத்துக்கு வேண்டாம். பென்சனே கடைசி வரை பத்திரிகையாளராகவும் இருந்தார். இந்தத் துறையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு: உங்கள் வாசகர் ஐந்தாறு வருடத்தில் வளர்ந்து போய்விடுவார். ஆனால் புதிதாகப் பதின்மூன்று வயதை எட்டும் பிள்ளைக்கு உங்கள் பத்து வருடப் பழைய நாவலும் புத்தம் புதுசு. அதனால் பழைய புத்தகங்கள் பதிப்பில் தொடர்ந்து இருக்கும்படி பார்த்துக்கொள்வது, புதிது எழுதுவதற்குச் சமமான வேலை. பள்ளி நூலகங்கள் இதில் பெரிய துணை.

கேள்வி: இதற்கெல்லாம் விருது உண்டா?

உண்டு. அமெரிக்க மர்ம எழுத்தாளர்கள் சங்கம் தரும் எட்கர் விருதில் சிறுவர் பிரிவு 1961 முதல், பதின்வயதினர் பிரிவு 1989 முதல் இருக்கிறது. பதின்வயதினருக்கு மர்மக் கதைகள் எழுதிய ஜோன் லோவரி நிக்ஸன் அந்த விருதை நான்கு முறை வாங்கியிருக்கிறார்.

கேள்வி: ஆன்ட்டி, எனக்கு 15 வயது. இப்போதே எழுதலாமா, இல்லை படித்து முடித்த பிறகா?

இப்போதே எழுதும்மா. டங்கன் தன் முதல் கதையைப் பத்திரிகைக்கு விற்றபோது அவருக்கு வயது 13. நாவல் பெரிதாகத் தெரிந்தால் பத்துப் பக்கத்தில் ஒரு திருட்டை எழுது. யார் செய்தது, ஏன் செய்தார் என்பதை முதலில் உனக்கு மட்டும் ஒரு தாளில் எழுதி வை, அப்புறம் கதையைத் தொடங்கு. முடித்ததும் உன் வயதுத் தோழி ஒருத்தியிடம் கொடு. எந்தப் பக்கத்தில் அவளுக்குக் குற்றவாளி மேல் சந்தேகம் வந்தது என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்.