கடை வெளிச்சத்தில் ஒரு நிறம், வீட்டு வாசலில் இன்னொரு நிறம்

கேள்வி: நிச்சயதார்த்தத்துக்குக் கத்தரிப்பூ நிறத்தில் பட்டுப்புடவை எடுத்தேன். அதே கடையில் ஜாக்கெட் துணியும் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன், அச்சு அசலாக ஒத்துப்போனது. வீட்டில் பகலில் பிரித்தால் புடவை நீலமடிக்கிறது, துணி சிவப்படிக்கிறது. மாற்றித் தர முடியாது என்கிறார்கள். விளக்கைப் போட்டு ஏமாற்றுகிறார்களா?
- வாசகி, திருச்சி

பதில்: பெரும்பாலும் ஏமாற்று இல்லை. கடையில் விளக்கு போடுவது சரக்கு எடுப்பாகத் தெரிவதற்காக, அவ்வளவுதான். பட்டுக்கு ஏற்றும் சாயம் வேறு, பருத்திக்கு ஏற்றும் சாயம் வேறு. ஒரு விளக்கின் கீழ் இரண்டும் ஒன்றாகத் தெரியும், இன்னொரு வெளிச்சத்தில் தனித்தனியாகப் பிரிந்துவிடும். கத்தரிப்பூ போல நீலமும் சிவப்பும் கலந்த நிறத்தில் இது சட்டென்று கண்ணில் படும். மயில்கழுத்து நிறமென்றால் இன்னும் கவனம் வேண்டும். அதில் பாவு, அதாவது நீள இழை, ஒரு நிறம், ஊடை, அதாவது குறுக்கு இழை, ஒரு நிறம், பார்க்கும் கோணம் மாறினாலே சாயல் மாறும். விற்பனையாளர் முந்தியைத் தூக்கி அசைத்துக் காட்டும்போது மயங்கிவிடாமல், மேசையில் தட்டையாகவும் விரித்துப் பாருங்கள்.

நல்ல மேட்சிங் சென்டர்களில் கடைப்பையனே துணியையும் புடவையையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவான். நீங்களும் கூச்சப்படாமல் கேட்கலாம். ஜாக்கெட் துணி வாங்கப் பகலில் போவதே நல்லது. இப்போது உங்களுக்கு ஆகவேண்டியது ஒரு மீட்டர் துணிதான். புடவையோடு காலை வேளையில் போய் வேறு எடுத்துவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஆனால் வெளிச்சத்துக்குத் தக்கபடி மாறும் சாயலைக் குறை என்று வாதாடி நிலைநாட்டுவது சிரமம். சாயம் போனது, இழை விட்டது என்றால் விடாதீர்கள், 1915 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

ரெடிமேட் எடுக்கிறீர்களா? பொம்மைக்குப் பின்பக்கம் ஒருமுறை போய்ப் பாருங்கள். இடுப்பு அவ்வளவு கச்சிதமாக நிற்பது பெரும்பாலும் முதுகில் குத்திய குண்டூசியாலும் கிளிப்பாலும்தான். அதைப் பார்த்து அளவை முடிவு செய்யக் கூடாது, போட்டுப் பார்த்தே வாங்க வேண்டும்.

நகைக்கடையிலும் இதே கதைதான். தங்கத்தின் மேல் மஞ்சள் வெளிச்சம், வைரத்தின் மேல் வெள்ளை வெளிச்சம், அடியில் கருநீலமோ அரக்கோ வெல்வெட். நகையைத் தட்டிலிருந்து எடுத்துக் கழுத்தில் வைத்துப் பாருங்கள். தரத்துக்குக் கண்ணை நம்பவே வேண்டாம். ஹால்மார்க்கோடு இருக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. என்ற தனி அடையாளக் குறியை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் விவரம் வந்துவிடும்.

கேள்வி: பாலும் பருப்பும் வாங்க சூப்பர் மார்க்கெட் போனால் கூடை நிறைந்துவிடுகிறது. ஏன்?
- வாசகர், மதுரை

பதில்: தினமும் தேவைப்படும் பாலும் பருப்பும் பல கடைகளில் கோடியில்தான் இருக்கும். அங்கே போய்ச் சேர்வதற்குள் பாதிக் கடையைப் பார்த்துவிடுவீர்கள். விற்றாக வேண்டிய சரக்கு கண் மட்டத் தட்டில், பிள்ளைகளுக்கானது அவர்கள் கைக்கு எட்டும் தட்டில், சாக்லேட் பில் போடும் இடத்தில். விலை குறைந்த சரக்கு அநேகமாகக் குனிந்தால்தான் கிடைக்கும்.

வரிசை முனையில் கோபுரமாக அடுக்கியிருந்தால் தள்ளுபடி என்று மனம் தானாக நினைத்துக்கொள்ளும். அடுக்கியிருக்கிறார்கள், அவ்வளவே. பாக்கெட்டில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் யு.எஸ்.பி. என்று பொடி எழுத்தில் கிராம் விலை இருக்கும், அதைப் பாருங்கள். 200 கிராம் 90 ரூபாய் என்றால் கிராம் 45 காசு. 500 கிராம் 240 ரூபாய் என்றால் 48 காசு. பெரிய பாக்கெட் மலிவு என்பது எல்லா நேரமும் சரிவராது.

வெங்காயம் சிவப்பு வலைப்பையில் இருந்தால் வெளியே நாலைந்து எடுத்துப் பாருங்கள். வலையின் சிவப்பு வெங்காயத்தின் மேலும் ஏறித் தெரியும், கறுப்புப் பூஞ்சையும் முளையும் மறைந்துவிடும்.

கேள்வி: ஷோரூமில் பளிச்சென்று இருந்த டிவி வீட்டில் மங்கலாகத் தெரிகிறது. மாற்றிக் கொடுத்திருப்பார்களா?
- வாசகர், சேலம்

பதில்: மாடல் எண்ணைப் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சரியாக இருந்தால் பயம் வேண்டாம். ஷோரூம் டிவிகளை வெளிச்சமும் நிறமும் தூக்கலாகத் தெரியும் ஸ்டோர் மோடில் வைத்து, அதற்கென்றே எடுத்த 4கே காட்சிகளை ஓட்டுகிறார்கள். வீட்டில் சாதாரண சேனல் அந்தத் துல்லியத்தில் வராது. அடுத்த முறை வாங்கும்போது ஹோம் மோடுக்கு மாற்றச் சொல்லி, நீங்கள் பார்க்கும் சேனலையே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.