பள்ளிக் கூடத்தின் மழைநீர்: தொட்டியா, கிணறா?

வணக்கம். சென்னையில் பள்ளிக்குள் 1,000 சதுர அடியில் சூழல் கல்விக் கூடம் கட்டுகிறோம், மழைநீரைத் தொட்டியில் பிடிப்பதா, பழைய கிணற்றில் விடுவதா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேண்டும். சென்னையின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மி.மீ. சேதாரம் போனாலும் அந்தக் கூரையில் ஒரு லட்சம் லிட்டர் கிடைக்கும். ஆனால் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். அத்தனைக்கும் தொட்டி கட்டினால் காசெல்லாம் அதிலேயே கரைந்துவிடும். 5,000 லிட்டர் தொட்டி போதும். நிரம்பி வழிவது மணல், ஜல்லி வடிகட்டி வழியாகக் கிணற்றுக்குப் போகட்டும். முதல் மழையை வெளியேற்ற வால்வு கட்டாயம் வையுங்கள், கூரைத் தூசியும் பறவை எச்சமும் அதில்தான் வரும்.

அப்புறம், குழாய்களைச் சுவருக்குள் புதைக்காதீர்கள். பிள்ளைகள் கண்ணில் தண்ணீரின் பாதை படட்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. பெய்தால் 1 லிட்டர். மழைமானி வைத்து அவர்களே கணக்குப் போடட்டும்.