கன்ட்ரோல் சார்ட்டின் கோடுகளை யார் தீர்மானிப்பது?

கேள்வி: துவாஸில் மசாலாத்தூள் பொட்டலமிடும் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருக்கிறேன். மணிக்கொரு முறை ஐந்து பொட்டலங்களை நிறுத்து, அவற்றின் சராசரியைக் கன்ட்ரோல் சார்ட்டில், அதாவது உற்பத்தி சீராக ஓடுகிறதா என்று காட்டும் வரைபடத்தில், குறிக்கிறோம். வாடிக்கையாளர் அனுமதிக்கும் 98, 104 கிராம் அளவுகளையே எல்லைக் கோடுகளாக வரைந்துள்ளோம். புள்ளி நடுக்கோட்டிலிருந்து சற்று விலகினாலும் இயந்திரத்தைத் திருத்தும்படி மேற்பார்வையாளர் கூறுகிறார். இது முறையா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: இரண்டுமே முறையல்ல, முதலாவதுதான் அதிக ஆபத்தானது. வாடிக்கையாளரின் அளவு ஒவ்வொரு பொட்டலத்துக்கும் உரியது. நீங்கள் குறிப்பதோ ஐந்தின் சராசரி. சராசரிகள் தனிப் பொட்டலங்களைவிடக் குறைவாகவே ஏறி இறங்கும் என்பதால், அந்தக் கோடுகள் உங்களுக்குப் பொய்யான நிம்மதியையே தரும். அமெரிக்கப் புள்ளியியலாளர் வால்டர் ஷூஹார்ட் 1924-இல் இந்த வரைபடத்தை முன்வைத்தபோது, எல்லைகளை இயந்திரத்தின் இயல்பான ஏற்ற இறக்கத்திலிருந்தே கணக்கிட்டார்.

உங்கள் சராசரி 101 கிராம் என்றும், ஐந்து பொட்டலங்களுள் மிகுந்த எடைக்கும் குறைந்த எடைக்கும் உள்ள வேறுபாடு, அதாவது வீச்சு, சராசரியாக 2 கிராம் என்றும் கொள்வோம். ஐந்து பொட்டலக் குழுவுக்குப் புள்ளியியல் அட்டவணை தரும் மாறிலி 0.577, அதை 2-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1.15. அதைச் சராசரியிலிருந்து கழித்தும் கூட்டியும் பெறும் எல்லைகள் 99.85, 102.15 கிராம். இதே இயந்திரத்தின் சராசரி 99-க்குச் சரிந்தால், எடைகள் இயல்நிலைப் பரவலில் (சராசரியைச் சுற்றி மணி வடிவில்) அமையும்போது ஏறத்தாழ எட்டில் ஒரு பொட்டலம் 98 கிராமுக்குக் கீழே போய்விடும். ஆனால் உங்கள் தற்போதைய வரைபடத்தில் அந்தப் புள்ளி எல்லைக்குள் பத்திரமாக இருப்பதாகவே தோன்றும். வீச்சுக்கும் தனி வரைபடம் தேவை. அதை முதலில் பாருங்கள், அது நிலைகொள்ளாத வரை சராசரியின் எல்லைகளை நம்ப முடியாது.

திருத்தத்தைப் பொறுத்தவரை, மேற்பார்வையாளரின் அக்கறை நியாயமானதே. ஆயினும் நிலையாக ஓடும் இயந்திரத்தை ஒவ்வொரு விலகலுக்கும் அதே அளவு எதிர்த்திசையில் திருப்பினால், நீங்கள் குறிக்கும் சராசரிகளின் திட்ட விலக்கம், அதாவது அவை சிதறும் அளவு, குறையாது, ஏறத்தாழ 1.4 மடங்காகப் பெருகும். புள்ளி எல்லையைத் தாண்டும்போதோ, தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் நடுக்கோட்டின் ஒரே பக்கம் அமையும்போதோ மட்டும் காரணத்தைத் தேடுங்கள்: தூளின் ஈரப்பதம், புதிய மூட்டை, ஷிஃப்ட் மாற்றம், புனலில் படிந்த தூள். கண்டதை அந்தப் புள்ளியின் அருகிலேயே எழுதி வையுங்கள்.

இயந்திரத்தில் கைவைக்காமல், எல்லா ஷிஃப்டுகளிலிருந்தும் 25 குழுக்களின் எடைகளைச் சேகரித்த பிறகு புதிய கோடுகளை வரையுங்கள்.