ஸ்டிக் தானாக நகர்கிறது, வாரண்டி இன்னும் இருக்கிறது: கன்சோலை அனுப்பும் முன் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: மகளுக்கு நின்டெண்டோ ஸ்விட்ச் லைட் என்ற கையடக்க கேம் கன்சோல் வாங்கிப் பத்து மாதம் ஆகிறது. ஒரு வருட வாரண்டி. கொஞ்ச நாளாக இடது ஸ்டிக்கைத் தொடாமலே கேமில் வரும் ஆள் ஒரு பக்கமாக நடந்துகொண்டே இருக்கிறான். தெரிந்த ரிப்பேர்க்காரர், "கழற்றி ஸ்ப்ரே அடித்தால் சரியாகிவிடும்" என்கிறார். கம்பெனிக்கு அனுப்பினால் இதுவரை ஆடியதெல்லாம் அழிந்துவிடும் என்று மகள் பயப்படுகிறாள். என்ன செய்யலாம்?

பதில்: கம்பெனிக்கே அனுப்புங்கள். ஆனால் மகளின் பயத்தைக் குழந்தைத்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். ஸ்டிக்கைவிட அதுதான் பெரிய விஷயம்.

முதலில் ஸ்ப்ரே சமாச்சாரம். ஸ்டிக்குக்கு அடியில் கார்பன் பூசிய மெல்லிய தடம் ஒன்று இருக்கிறது. ஸ்டிக்கை அசைக்கும்போது சின்ன உலோக முனை ஒன்று அந்தத் தடத்தின்மேல் உரசிக்கொண்டு நகர்கிறது. மின்தடை எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்து, ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கன்சோல் கணக்கிடுகிறது. தடம் தேய்ந்தாலோ தூசு படிந்தாலோ, ஸ்டிக் நடுவில் நிற்கும்போதும் சாய்ந்திருப்பதாகவே சிக்னல் போகும். இதைத்தான் ட்ரிஃப்ட் என்கிறார்கள். ஸ்ப்ரே தூசைக் கழுவும். தேய்ந்த கார்பனைத் திரும்பக் கொண்டுவராது. உங்கள் விஷயத்தில் இதில் ஒரு பொறியும் இருக்கிறது. ஸ்ப்ரே அடித்து இரண்டு மூன்று மாதம் நன்றாக ஓடி, மறுபடி ட்ரிஃப்ட் வரும்போது வாரண்டி முடிந்திருக்கும்.

கழற்றினால் தெரியாமலும் போகாது. வெளிக்கூட்டில் இருப்பவை ஒய் வடிவத் தலை கொண்ட ஸ்க்ரூக்கள். பொருந்தாத டிரைவரால் திருகினால் தலை சிதையும், டெக்னீஷியன் கண்ணுக்கு முதலில் படுவதும் அதுதான். 'ஸ்டிக்கரைப் பிரித்தால் வாரண்டி ரத்து' என்று மிரட்டும் வாசகங்களை எதிர்த்து, அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2018இல் நின்டெண்டோ, சோனி, மைக்ரோசாஃப்ட் உட்பட ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது உண்மைதான். ஆனால் சட்டம் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு மாதிரி. திறந்தவர் கையால் ஏற்பட்ட சேதத்தை எந்த வாரண்டியும் ஏற்காது.

சரி, இன்றே செய்ய வேண்டியது: புகாரைப் பதிவு செய்து எண் வாங்கிவிடுங்கள். மற்ற வேலைகளை அப்புறம் பார்க்கலாம், தேதி காத்திருக்காது. பில்லும் சீரியல் நம்பரும் வேண்டும். நம்பர் கன்சோலின் அடிப்பகுதியில் இருக்கும், செட்டிங்ஸிலும் பார்க்கலாம். வேறு நாட்டில் வாங்கியது என்றால் அந்த வாரண்டி இங்கே செல்லுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பல சமயம் வாங்கிய நாட்டில் மட்டுமே செல்லும்.

பழுதை விவரிக்கும் இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 'ஸ்டிக் சரியில்லை' என்று மட்டும் எழுதினால், டெக்னீஷியன் ஐந்து நிமிடம் ஆட்டிப் பார்ப்பார். அந்த நேரம் பார்த்து அது ஒழுங்காக இருக்கும். 'பழுது எதுவும் இல்லை' என்ற சீட்டோடு கன்சோல் அப்படியே திரும்பி வரும். அதனால் சிஸ்டம் அப்டேட்டை முடித்துவிட்டு, செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் ஸ்டிக்கை கேலிப்ரேட் செய்யுங்கள், அதாவது எது நடு என்று கன்சோலுக்கு மறுபடி சொல்லிக் கொடுங்கள். சரியாகிவிட்டால் நல்லது. இல்லையென்றால், கையை எடுத்த பிறகும் திரையில் குறி நகர்வதை வீடியோ எடுங்கள். பிறகு இப்படி எழுதுங்கள்: 'இடது ஸ்டிக்கைத் தொடாமலே மேல்பக்கம் இழுக்கிறது. அரை மணி நேரம் ஆடிய பிறகு அதிகமாகிறது. அப்டேட், கேலிப்ரேஷன் இரண்டும் செய்தாகிவிட்டது.'

இனி மகளின் பயம். சாதாரண ஸ்விட்ச் என்றால் ஜாய்கான் எனப்படும் பக்கவாட்டுக் கன்ட்ரோலரை மட்டும் கழற்றி அனுப்பிவிடலாம், கன்சோல் வீட்டிலேயே இருக்கும். லைட்டில் ஸ்டிக் உடம்போடு சேர்ந்தது. முழுக் கன்சோலும் போக வேண்டும். சர்வீஸில் சில சமயம் மெமரியை அழிப்பார்கள், அல்லது வேறு கன்சோலையே கொடுத்துவிடுவார்கள். மெமரி கார்டில்தான் எல்லாம் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். ஸ்விட்சில் கேமும் ஸ்கிரீன்ஷாட்டும்தான் கார்டுக்குப் போகும். சேவ் டேட்டா, அதாவது இதுவரை ஆடியதன் பதிவு, இருப்பது கன்சோலின் உள் மெமரியில், அதைக் கார்டுக்கு நகலெடுக்கவும் முடியாது.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, சந்தா கட்டி நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைனின் கிளவுட் சேவ், அதாவது சேவ் டேட்டாவின் நகலை இணையத்தில் வைப்பது. தானாக ஏறியிருக்கும் என்று நம்பாமல், ஒவ்வொரு கேமாகத் திறந்து பேக்கப் தேதியைப் பாருங்கள். ஸ்பிளாட்டூன் 2 போன்ற சில கேம்களுக்குக் கிளவுட் சேவ் கிடையாது. அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸுக்குத் தீவு பேக்கப் என்று தனி ஏற்பாடு, அதைக் கேமுக்குள்ளேயே இயக்க வேண்டும். இன்னொன்று, உறவினர் வீட்டில் வேறு ஸ்விட்ச் இருந்தால், மகளின் அக்கவுண்டை அதிலும் சேர்த்து சேவ் டேட்டாவை அங்கே மாற்றுவது. இது நகல் இல்லை, இடமாற்றம். கன்சோல் திரும்பி வந்ததும் மறுபடி மாற்றிக்கொள்ளலாம். எப்படிச் செய்தாலும் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். எந்த சேவ் முக்கியம் என்று அவளுக்குத்தான் தெரியும்.

மெமரி கார்டு, கேட்ரிட்ஜ், உறை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். அவை திரும்பி வரும் என்று உறுதியில்லை. பெட்டியில் வைக்கும்போது ஸ்டிக்கின்மேல் எதுவும் அழுத்தக் கூடாது. சீரியல் நம்பர் தெரியும்படி படம் எடுத்த பிறகு மூடுங்கள். பின்பக்கம் உப்பியிருந்தாலோ திரை மேலே தூக்கியிருந்தாலோ மட்டும் கதை வேறு. அது பேட்டரி வீக்கம். சார்ஜ் போடாதீர்கள், கூரியரிலும் கொடுக்காதீர்கள், கம்பெனியிடம் சொல்லி அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள்.

'ஈரம் பட்டிருக்கிறது, பணம் கட்ட வேண்டும்' என்று மதிப்பீடு வந்தால் உடனே சம்மதிக்க வேண்டாம். காரணத்தை எழுத்திலும், ஈரம் பட்டால் நிறம் மாறும் ஈரக்காட்டி ஸ்டிக்கரைப் படத்திலும் கேளுங்கள். வேண்டாம் என்றால் ரிப்பேர் செய்யாமலே திருப்பிக் கேட்கலாம். அதற்குக் கட்டணம் உண்டா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் சீரியல் நம்பரை ஒப்பிட்டுப் பாருங்கள், மாறியிருந்தால் வேறு கன்சோல் வந்திருக்கிறது. முதல் வாரத்திலேயே இரண்டு ஸ்டிக்கையும் நன்றாக ஆடிச் சோதித்துவிட்டு, ரிப்பேர் சீட்டை பில்லோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அதே பழுது மறுபடி வந்தால் முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.