கண்ணாடியோடு அணிந்து பார்க்காமல் வாங்காதீர்கள்
மின்விசிறி இரைச்சலும் பக்கத்து அறைப் பேச்சும் வேலையைக் கெடுக்கின்றன, விலை உயர்ந்த நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வாங்கலாமா, கண்ணாடியும் அணிகிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். மின்விசிறிக்காக என்றால் தாராளமாக வாங்கலாம். பேச்சுக்காக என்றால், எவ்வளவு கொடுத்தாலும் முழு அமைதி கிடைக்காது.

வெளிச்சத்தத்தை மைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே ஒலிக்கச் செய்வதுதான் இதன் வேலை. சீராக உறுமும் தாழ்ந்த ஒலிகளில் இது அபாரமாக எடுபடும். 1978இல் போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தின் நிறுவனர் அமர் போஸுக்கு இந்த ஹெட்போன் யோசனை பிறந்ததே, இன்ஜின் உறுமும் விமானப் பயணத்தில்தான். ஆனால் பேச்சில் வரும் 'ச', 'ட' போன்ற கூரிய ஒலிகளைத் தடுப்பது பெரும்பாலும் காதைச் சுற்றியிருக்கும் மெத்தை. கண்ணாடிச் சட்டம் அந்த மெத்தையைச் சற்றே தூக்கிவிடுகிறது. நானும் தடித்த சட்டம் அணிகிறவன்; மெத்தையை விரலால் அழுத்தினால் அறை அடங்குகிறது, விட்டதும் இரைச்சல் திரும்புகிறது. அந்தச் சின்ன இடைவெளி கூடுதல் விலையின் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

ஆகவே கண்ணாடியைக் கழற்றாமல் அரை மணி நேரம் அணிந்து பாருங்கள். மெத்தையைத் தனியாக வாங்கி மாற்ற முடியுமா என்றும் விசாரியுங்கள். சில ஆண்டுகளில் அது உரிந்துவிடும், பேட்டரியும் தளரும். சட்டம் இடித்தால், நுரை முனை கொண்ட இயர்பட்ஸை முயன்று பாருங்கள். உங்கள் நிலைமைக்கு அதையே முதலில் சொல்வேன்.