திருகோணமலையில் கடை கடையாகச் சாப்பிட: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

விடுமுறைக்குத் திருகோணமலை வருகிறவர்களில் பலர் கோணேசர் கோவிலையும் நிலாவெளிக் கடலையும் பார்த்துவிட்டு, தங்கும் ஹோட்டலிலேயே மூன்று வேளையும் சாப்பிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இந்த ஊர்க்காரியான எனக்கு அது பெரிய கவலை. அதனால்தான் சாப்பாட்டுக் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். வந்தவற்றுக்கு என்னால் முடிந்த பதில்கள் இதோ.

கொழும்பிலிருந்து ஒரு தம்பி: அக்கா, இரண்டு நாள் உப்புவெளியில் தங்குகிறோம். டவுனுக்கு வந்தால் எந்தக் கடையில் தொடங்குவது?

கடையின் பெயரைவிட நேரம் முக்கியம், தம்பி. இங்கே ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு நேரம் இருக்கிறது. இடியப்பம், புட்டு, சொதி, சம்பல் எல்லாம் விடியலில் சுடச்சுட இருக்கும். பத்து மணிக்குப் போனால் ஆறிப்போன மிச்சம்தான் கிடைக்கும். சோறு பதினொன்றரைக்கு மேல் வரும், இரண்டு மணிக்குப் பிறகு கறிகள் குறையத் தொடங்கும். மூன்று நான்கு மணிக்குத் தேத்தண்ணியும் வடையும் ரோல்ஸும். இருட்டியதும் அப்பமும் கொத்துரொட்டியும்.

உப்புவெளியிலிருந்து டவுனுக்கு ஓட்டோவில் கொஞ்ச நேரம்தான். முதல் நாள் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் டவுனுக்கு வாருங்கள். பஸ் நிலையத்தைச் சுற்றியும் சந்தைப் பக்கத் தெருக்களிலும் நடந்து, வேலைக்குப் போகிறவர்கள் நின்று பார்சல் கட்டிக்கொண்டு போகும் கடைக்குள் நுழையுங்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் சேர்ந்து வாழும் ஊர் இது. ஒரே தெருவில் சைவக்கடை, பிரியாணிக் கடை, பாற்சோறும் கட்டைச் சம்பலும் வைக்கும் கடை மூன்றையும் பார்க்கலாம். ஒரு வேளைக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டால்தான் ஊர் பிடிபடும்.

சென்னையிலிருந்து: நாங்கள் சுத்த சைவம். சாம்பார், சட்னி கிடைக்குமா?

சைவக்கடைகளில் தோசை, வடை, சாம்பார் எல்லாம் உண்டு, பயமில்லை. மற்றக் கடைகளில்தான் கவனம் வேண்டும். தேங்காய்ச் சம்பல், சீனிச் சம்பல், சில கடைகளில் பருப்பிலும் கூட மாசி போடுவார்கள். மாசி என்பது அவித்து உலர்த்திய சூரை மீன். தூளாக்கிப் போட்டால் கண்ணுக்குத் தெரியாது. "மரக்கறிச் சாப்பாடு" என்று கேட்பதோடு விடாமல், "மாசி போட்டதா?" என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. தேநீருக்கு உட்கார்ந்ததும், நீங்கள் கேட்காமலேயே ரோல்ஸ், வடை, பணிஸ் நிறைந்த தட்டைக் கொண்டுவந்து வைப்பார்கள். எடுத்துச் சாப்பிட்டதற்கு மட்டும்தான் காசு. ரோல்ஸுக்குள் மீனோ இறைச்சியோ இருக்கலாம், கேட்டுவிட்டு எடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தங்கச்சி: எங்களிடமும் கடல் இருக்கிறதே அக்கா. உங்கள் மீன் சந்தையில் அப்படி என்ன விசேஷம்?

வந்து பார் தங்கச்சி! இங்கே கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே கடல் சட்டென்று ஆழமாகிவிடும். துறைமுகத்தின் வாயிலிலேயே கடலடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு தொடங்குகிறது. அதனால் சூரை, அறக்குளா, பாரை போன்ற பெரிய மீன்களைப் பிடிக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. இன்னொரு பக்கம் மகாவலி வந்து விழுகிற கொட்டியாரக் குடா. அந்தப் பக்கத்து நண்டையும் இறாலையும் நான் சொல்லப்போவதில்லை, நீயே சமைத்துப் பார்.

விடியலில் உப்புவெளி, நிலாவெளிக் கரையில் நடந்தால் கரைவலை இழுப்பதையும் பார்க்கலாம். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். வலையின் பை போன்ற மடி கரைக்கு வந்ததும் நெத்தலியும் கீரி மீனும் துள்ளும். அங்கேயே கேட்டு வாங்கலாம். விலை பேசலாம், ஆனால் இழுப்பவர்களுக்கு நடுவில் படமெடுக்கப் போய் நிற்க வேண்டாம். அது அவர்களுடைய அன்றைய பிழைப்பு.

சூரையை வாங்கும்போது மட்டும் ஐஸில் கிடந்ததா என்று பார்க்க வேண்டும். வெயிலில் கிடந்த சூரையைச் சாப்பிட்டால் முகம் சிவந்து உடம்பெல்லாம் அரிக்கும். மீனில் உண்டாகும் ஹிஸ்டமின் அதற்குக் காரணம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. செவுள் சிவப்பாக, கண் தெளிவாக இருந்தால் வாங்கு. சந்தேகம் இருந்தால் விட்டுவிட்டு விளைமீனுக்குப் போ. நீங்கள் தங்கும் விடுதி சின்னதாக, வீட்டுக்காரர் சமைக்கிற இடமாக இருந்தால், முதல் நாளே கேட்டு வைத்துவிட்டு மீனை வாங்கிக் கொடுங்கள். புளிப்புக்குக் கொறுக்காய் போட்டுச் சூரைக் கறி வைக்கத் தெரிந்தவர் கையில் அகப்பட்டால் உங்கள் அதிர்ஷ்டம்.

டிசம்பரில் வந்தால்?

வடகீழ்ப் பருவமழைக் காலம். கடல் கொந்தளிக்கும், சிறு படகுகள் பல நாள் இறங்காது, மீன் விலை ஏறும். மீனுக்காகவே வருவதென்றால் மே முதல் செப்டம்பர் வரை வாருங்கள். மேற்குக் கடல் கொந்தளிக்கும் அந்த மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்க மீனவர்களே இங்கு வந்து கரையில் வாடி (குடிசை) போட்டுத் தொழில் செய்கிறார்கள்.

மட்டக்களப்பிலிருந்து: தயிர் என்றால் எங்கள் ஊர்தான். கிண்ணியாத் தயிருக்கு ஏன் இவ்வளவு பெயர்?

உங்கள் ஊர்த் தயிரை நான் குறை சொல்லமாட்டேன் ஐயா. கிண்ணியாவிலும் எருமைப்பால்தான், மண்சட்டிதான். ஆனால் உறை ஊற்றும் பக்குவம் வீட்டுக்கு வீடு கைமாறி வந்தது. டவுனிலிருந்து பஸ்ஸில் போகலாம். முன்பெல்லாம் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் நீரைக் கடக்க வேண்டும். 2009இல் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர் நீளம். பாலத்திலிருந்து தெரியும் காட்சிக்காகவே ஒருமுறை போகலாம்.

சட்டியை இலேசாகச் சரித்துப் பாருங்கள். அசையாமல் நின்றால் நல்ல தயிர். தயிரில் ஊற்றிச் சாப்பிடும் கித்துள் பாணி (கித்துள் பனையின் பாகு) வாங்கும்போது இன்னும் கவனம். கித்துள் மலைநாட்டுப் பக்கத்து மரம், இங்கே போத்தலில் வருவதில் சீனிப்பாகு கலந்ததும் உண்டு. என்னைக் கேட்டால் பனங்கட்டியைச் சீவிப் போட்டுச் சாப்பிடுவதுதான் மேல்.

கிண்ணியாவுக்கு வெள்ளிக்கிழமை நண்பகலில் போகாதீர்கள், ஜும்ஆத் தொழுகைக்குக் கடைகள் பூட்டியிருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாட்டுக்கடை தேடாமல் பின்னேரம் போனால் நோன்புக் கஞ்சி குடிக்கலாம்.

போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் வருகிறோம். பிரச்சினை உண்டா?

இறைச்சிக் கடையும் மதுக்கடையும் திறக்காது. மற்றபடி சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

கனடாவிலிருந்து: பிள்ளைகளுக்கு உறைப்புப் பழக்கமில்லை. என்ன கொடுக்கலாம்?

பாற்சொதியும் இடியப்பமும் போதும். பால் அப்பம், வட்டிலப்பம், வாழைப்பழம், செவ்விளநீர் எல்லாம் அவர்களுக்குப் பிடிக்கும். பின்னேரத்தில் டச்பே கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள். சுண்டல், இறால் வடை, உப்புத்தூள் போட்ட மாங்காய் விற்பார்கள். மாங்காயில் மிளகாய்த்தூள் போட வேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கள்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கோட்டைக்குள்ளும் கோவில் போகும் வழியிலும் மான்கள் திரியும். சோற்றுப் பார்சல் சுற்றும் லஞ்ச் ஷீட்டையும் பொலித்தீன் பையையும் எறிந்தால் சாப்பாட்டு வாசனைக்கு அவை அதையும் தின்றுவிடும். வயிற்றில் பொலித்தீன் அடைத்துச் செத்த மான்கள் இந்த ஊரில் உண்டு. பார்சல் சாப்பிட்டால் குப்பையைக் கையோடு கொண்டுவாருங்கள்.

ஊருக்குக் கொண்டுபோக என்ன வாங்கலாம்?

கறித்தூளும் கருவாடும். தூளைப் பாக்கெட்டில் வாங்காமல் மில்லில் கேளுங்கள். வறுத்த மிளகாய், மல்லியை அப்போதே அரைத்துத் தரும் இடங்கள் உண்டு. ஆறவிட்டுக் கட்டச் சொல்லுங்கள், சூட்டோடு கட்டினால் வியர்த்துக் கட்டிபடும். கருவாட்டை அழுத்திப் பாருங்கள், நடுப்பகுதி ஈரமாக இருந்தால் வழியிலேயே பழுதாகும். நல்லதாகப் பார்த்து எடுத்தாலும் பத்திரிகைத் தாளில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள். கொழும்புக்கு இரவு ரயிலில் போகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள், பெட்டியில் மற்றவர்களும் தூங்க வேண்டும்.